லில்லி அக்காவின் வாய் நோவு

1

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு படிவம் இரண்டு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் ஷெரின் படிக்கும் பள்ளியிலிருந்து வந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த வருடம் புதிதாக ஒரு தடுப்பூசி போடப் போகிறார்களாம், அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.

இங்கிலாந்துக்கு வந்த இந்த நாலு வருடத்தில் நான் நிரப்பாத படிவம் இல்லை. நூலக அட்டைக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று, குப்பைத் தொட்டியின் மூடி உடைந்தால் வேறு தொட்டி கேட்டு ஒன்று. எதற்கும் நான் யோசித்ததே கிடையாது. இதை மட்டும் பாலெடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பாலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

கூடவே தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. எழுதியவர் இலங்கைத் தமிழராக இருக்க வேண்டும். 'கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்' என்று போட்டிருந்தது. கழுத்தா? நம் பக்கத்தில் அது வாயாயிற்றே என்று எனக்கு ஒரு நிமிடம் குழம்பியது. கர்ப்பப்பை வாய்ப் புற்று என்றுதானே செங்கல்பட்டில் டாக்டரம்மா சொன்னார்? கடலைத் தாண்டினால் வாய் கழுத்தாகிவிடும் போலிருக்கிறது.

ஷெரின் பொறுமையிழந்துவிட்டாள். எட்டு வயதில் வந்தவள், வரும்போது அட்சர சுத்தமாகப் பேசினாள். இப்போது அவள் தமிழில் வினைச்சொல்லெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது.

"அம்மா, எல்லாரும் ஊசி எடுப்பாங்க. நான் மட்டும் கிளாஸ்ல உக்காந்து எடுக்கணுமா? சைன் பண்ணுங்க. நம்ம ஃபேமிலில யாருக்காவது இது வந்துச்சா, அதான் பயமா?"

"பெரியம்மாவுக்கு வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பேனாவை நீட்டியபடியே நின்றாள். "பெரியம்மாவுக்கு வாய்லதானே? நீங்கதானே அப்படிச் சொன்னீங்க? பொய்யா?"

பொய்தான். அந்தப் பொய் எப்படிப் பிறந்தது, யார் யாரை என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

1999. நான் அப்போது செங்கல்பட்டில் வாடகை வீட்டில் இருந்தேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவளான லில்லி அக்கா, கூவத்தூர் பக்கம் கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாங்கள் பிறந்தது அச்சரப்பாக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு எங்களைப் படிக்கவைத்தார்கள். நான் பி.காம். வரை போனேன், அக்கா பத்தாவதோடு நின்று பால்வாடி ஆயா ஆனாள். அவள் ஒரு சத்தம் போட்டால் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தட்டில் கை வைக்கும். ஊரில் யாருக்கும் பயப்படாத வாய்.

அந்த வருடம் அவளுக்குக் கண்ட நேரத்தில் உதிரம் போக ஆரம்பித்தது. சூடு என்று சொல்லி வெந்தயத்தை விழுங்கிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டியிருக்கிறாள். கால் தள்ளாட ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் வந்தாள். பரிசோதனை முடிந்து, டாக்டரம்மா என்னையும் அக்காவின் கணவர் ஜெயராஜ் மாமாவையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: கர்ப்பப்பை வாயில் புற்று. முற்றிவிடவில்லை, சென்னையில் வைத்தியம் பார்த்தால் பிழைத்துக்கொள்வார்.

வெளியே வராந்தாவில் மாமாவின் தங்கையும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள். "இன்னாவாம்ணா?" என்று தங்கை ஓடி வந்தாள். மாமா வாயைத் திறந்தார். 'க' என்று ஒரு எழுத்து வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தார், பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்தார், மீதியை விழுங்கினார்.

"வாய்ல... புத்தாம்" என்றார்.

"வாய்லயா? அதான பாத்தேன்! எந்நேரமும் வெத்தலய கொதப்பிகினே இருந்தா வேற இன்னா வரும்?" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க லில்லிக்கு வாய் நோவு என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. ஒருத்தி ஆற வைத்த கஞ்சி கொண்டுவந்தாள், இன்னொருத்தி வடிகட்டின கேழ்வரகுக் கூழ். ஒரு புண்ணியவதி இட்லியை மிக்ஸியில் அடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நெத்திலி வறுவலுக்கு உயிரை விடுகிற என் அக்கா, கதவைச் சாத்திக்கொண்டு, முறுக்கைச் சத்தம் வராமல் டீயில் ஊறவைத்துத் தின்றாள். கோயிலில் ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், "எங்கள் சகோதரி லில்லியின் வாயைத் தொட்டருளும் ஆண்டவரே" என்று மன்றாடினார்.

"ஃபாதரு பாவம்டி எஸ்தரு. கொஞ்சம் கீழ எறங்கி வேண்டிக்கோங்கன்னா மயக்கம் போட்டு வுழுந்துடுவாரு" என்றாள் அக்கா என் காதில்.

"உண்மையைச் சொல்லிடலாமேக்கா."

சிரிப்பு நின்றுவிட்டது. "மேல வந்த நோவுன்னா ஐயோ பாவம்பாங்க. கீழ வந்த நோவுன்னா இன்னா பண்ணாளோம்பாங்க. வாய்லயே இருந்துட்டுப் போவுது, வுடு."

இதை எழுதட்டுமா என்று சமீபத்தில் அவளிடம் கேட்டேன். "பேர வேணா மாத்திக்கோ. எடத்த மாத்தாத. ஒரு வாட்டி மாத்துனது போதும்" என்றாள். அவள் சொன்னபடியே பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

3

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கதிர்வீச்சு. நம் மக்கள் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். தினமும் கரண்ட் வைத்து முடித்து, கடைசியில் உள்ளுக்குள்ளேயே ஒரு கருவியை வைத்து எடுத்தார்கள். ஷெரினை மாமியாரிடம் விட்டுவிட்டு நான்தான் கூட இருந்தேன்.

மாமா முதல் நாள் வந்தார். கரண்ட் வைக்கிற கட்டடத்தின் கதவு வரை வந்து, கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "நீ பாத்துக்கோமா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவர், அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆம்பிளைகளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே கால் வராது என்று வார்டு பெண்களெல்லாம் சேர்ந்து அவரைக் காய்ச்சி எடுத்தோம்.

கிளம்புகிற அன்று ஒரு நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "அவங்க வீட்டுக்காரரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. இனிமே வீட்ல எப்படி இருக்கணும், எதுக்கெல்லாம் பயப்பட வேணாம்னு ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொல்லணும்."

"அவருக்கு வேலை, சிஸ்டர். நான் சொல்லிடறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், புண் ஆறின பிறகு புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்கலாம், அந்த இடம் சுருங்கிப்போகாமல் இருக்க இன்னின்னது செய்ய வேண்டும், தொட்டால் ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று என்னென்னவோ சொன்னார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பக்கத்தில் ஒரு வார்டு பாய் பெருக்கிக்கொண்டிருந்தான், அவன் காதில் விழுமோ என்பதுதான் என் கவலையாக இருந்தது. சரி சரி என்று தலையை ஆட்டினேன். கையில் கொடுத்த தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டேன்.

அந்தப் பை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. 'நான் சொல்லிடறேன்.' யாரிடம் போய்ச் சொல்ல? மாமாவிடம் இதை எப்படிப் பேசுவது? அக்காவிடமே எப்படி ஆரம்பிப்பது? நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அக்கா பிழைத்துவிட்டாள், பால்வாடிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அதுதானே முக்கியம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். 2004-இல் என் கணவரின் நாவலூர் அலுவலகம் அவரை இங்கே அனுப்பியது. பெட்டி கட்டும்போது சாம்பார்ப் பொடி எத்தனை கிலோ என்பதுதான் ஞாபகம் இருந்தது.

4

ஷெரின் "பொய்யா?" என்று கேட்ட மறுநாள், நானாகவே கிளினிக்குக்குப் போன் செய்தேன். இங்கே இருபத்தைந்து வயதைத் தாண்டின பெண்களுக்கு, இந்தப் புற்று இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வரும். எனக்கு மூன்று கடிதம் வந்து மூன்றும் கிச்சன் டிராயரில் கிடந்தது.

நான் ஒரு பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். 'இன்னும் பட்டாணி வேணுமா', 'வரிசையில் நில்' என்கிற அளவுக்கு என் ஆங்கிலம் தாராளமாகப் போதும். இடுப்புக்குக் கீழே அது போகாது. தமிழும் போகாது என்பது வேறு விஷயம். அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். நான் போன அன்று நர்ஸ் மேசைமேல் இருந்த போனின் ஸ்பீக்கரைத் தட்டினார். ஆண் குரல்! அதுவும் சின்ன வயது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"வணக்கம் அக்கா. நேர்ஸ் கேக்கிறா, உங்கட குடும்பத்தில ஆருக்கும் கருப்பைக் கழுத்தில புற்றுநோய் வந்ததோ எண்டு."

"கழுத்துல இல்லைங்க. வாய்ல" என்றேன், பழக்க தோஷத்தில்.

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நர்ஸ், "ஓ, வாயிலா" என்று பரிதாபப்பட்டுக் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். என் கண் முன்னாலேயே எங்கள் ஊர்ப் பொய் இங்கிலாந்து அரசாங்கப் பதிவில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அந்த வாய் இல்லைங்க தம்பி!" என்று கத்திவிட்டேன். "கர்ப்பப்பை வாய்!"

"ஓ... அக்கா, அதுதான் எங்கட கழுத்து."

"அதேதான் தம்பி. உங்க கழுத்து, எங்க வாய்."

அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். என்ன என்று நர்ஸ் கேட்க, அவர் விளக்க, அந்த அம்மாளும் விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்பது வருடமாக நான் சொல்லாத சொல். முகம் தெரியாத ஒரு யாழ்ப்பாணத்துப் பையனிடம் சொல்லிவிட்டேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"வெக்கப்படாமக் கேளுங்கோ அக்கா. நான் சும்மா நடுவில நிக்கிற ஆள்தானே" என்றார் அவர். பிறகு அக்காவைப் பற்றிக் கேட்டேன். கேட்கக் கேட்கக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. கரண்ட் வைத்த உடம்புக்குப் பின்னால் என்னென்ன தொந்தரவு வரும், அவள் புருஷனோடு இருக்கலாமா, இத்தனை வருடம் கழித்து ஏதாவது செய்ய முடியுமா. நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பாதியைச் சென்னையில் அந்த நர்சம்மாவும் சொல்லியிருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஷெரினின் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு பேசுவது வழக்கம். இங்கே காலை ஒன்பது மணி என்றால் அங்கே அவர்கள் கோயிலுக்குப் போய்வந்து மத்தியானச் சாப்பாடு முடித்திருப்பார்கள். வெளிநாட்டுப் போன் கார்டைச் சுரண்டி, இருபது எண்ணை அழுத்தினால் மாமாதான் எடுப்பார். அவர்கள் வீட்டில் டவர் வராந்தாவில் மட்டும்தான் கிடைக்கும். மாமாவின் கட்டில் வராந்தாவில்தான் கிடந்தது. "நல்லா கீறியாமா? இரு, அக்காவ கூப்புடறேன்" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

அன்று அக்கா போனை வாங்கியதும், வீட்டுக்குப் பின்னால் போய்ப் பேசு என்றேன்.

"பின்னாடி டவர் கெடைக்காதுடி. அவரு கடைக்குக் கெளம்பிட்டாரு, சொல்லு."

கேட்டேன். மறைக்காமல் எல்லாவற்றையும் கேட்டேன். முதலில், "இன்னாடி பட்டப்பகல்ல கருமம்" என்று திட்டினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பஸ்ஸில் மதுராந்தகம் போவதென்றால் வழியில் ஒன்றுக்கு முட்டுமே என்று முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. திடீரென்று உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி வேர்க்கிறது. இடது கால் சாயங்காலமானால் கனக்கிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வாய் நோவு வந்தவளுக்குக் கால் ஏன் வீங்குது என்று கேட்பார்களே.

"மாமாகிட்ட சொல்லலாம்ல?"

"உங்க மாமாவா? அவரு வராந்தாவுல படுக்கறாரு. ஒம்போது வருஷமா. வேலைலருந்து வந்தா நேரா பின்பக்கம் போயி குளிச்சிட்டுத்தான் வூட்டுக்குள்ள காலே வைப்பாரு. அவரு துணிய நா தொடக்கூடாது. தனியா பக்கெட்டு, தனியா சோப்பு. நா எடுத்துத் தொவச்சா புடுங்கிக்கிறாரு." குரல் உடைந்துவிட்டது. "எம்மேல அருவருப்புடி அவருக்கு. வாயத் தொறந்து சொல்லல, அவ்ளோதான். பொம்பளயா நா செத்து ஒம்போது வருஷமாச்சி. சோறு ஆக்கிப் போட ஒரு ஆளா கீறேன்."

ஊரையே அதட்டுகிறவள் அழுததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கரண்ட் வைத்துக்கொண்டிருந்தபோதுகூட அவள் அழவில்லை. கார்டில் நிமிடம் தீர்ந்துபோய் லைன் அறுந்துவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். மனதுக்குள் மாமாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியலே தயாரித்திருந்தேன்.

6

மாமா மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் தோட்டக்காரர். புல் வெட்டுவது, செம்பருத்திக்குத் தண்ணீர் விடுவது, சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவது. அதிர்ந்து பேசாத மனிதர்.

ஊருக்குப் போன மறுநாள், ஷெரின் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா அடுப்படியில் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் மாமா குந்தி உட்கார்ந்து தன் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நீல பக்கெட், தனி சோப்பு. அக்கா சொன்னதை நேரில் பார்த்ததும் நான் தயாரித்த பட்டியல் மறந்துபோய்விட்டது.

"மாமா, எங்கக்காமேல அவ்ளோ அருவருப்பா உங்களுக்கு? அவ தொட்டா உங்க சட்டை கெட்டுப்போயிடுமா?"

நிமிர்ந்து பார்த்தார். கையில் நுரை வழிந்தது. "இன்னாமா சொல்ற? அருவருப்பா? யாருக்கு?"

"பின்ன இது என்ன?"

அவர் சட்டையை பக்கெட்டில் போட்டார். நுரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவளுக்கு நோவு குடுத்ததே நாந்தானம்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விட்டு விட்டுச் சொன்னதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் கடற்கரையில் 'உள்ள வேலை' என்றால் அணு நிலையத்து வேலை என்று அர்த்தம். அக்காவுக்கு நோவு வருவதற்கு ஒரு வருடம் முன்பு, மாமா ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து மூன்று மாதம் உள்ளே பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறார். முதல் நாள் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். மஞ்சள் பலகையில் ஃபேன் மாதிரி மூன்று இறக்கை போட்ட படத்தைக் காட்டி, இந்தப் படம் இருந்தால் உள்ளே கதிர்வீச்சு உண்டு என்று அர்த்தம், அந்தக் கதவுப் பக்கம் போகாதீர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள் குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்று சொன்னார்கள்.

"நானும் போவல. ஆனா ஒரு நாளு வழில ஏணி கனமா இருந்துச்சின்னு ஒரு கதவுல சாச்சி வச்சேன். திரும்பிப் பாத்தா அதுல அந்தப் படம். அந்தப் பனியனோடயே வூட்டுக்கு வந்துட்டேன். அத அவதான் கையால தொவச்சா. அப்பறம் மெட்ராசுல கரண்ட் வைக்கிற கதவுல பாக்கறேன். அதே படம். அதே மஞ்சா கலரு. அப்பவே தெரிஞ்சிபோச்சிம்மா. நா எடுத்தாந்து குடுத்ததுதான். மறுபடியும் குடுத்துடக் கூடாதேன்னுதான் தள்ளிப் படுத்துக்கினு கீறேன். பொழச்சி வந்துகீறா. எங்கையால அவ சாவக்கூடாது."

"நீங்க உள்ள எங்க மாமா பெயின்ட் அடிச்சீங்க?"

"கேன்டீன்ல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவில் ஏணி சாய்த்தால் புற்று வராது என்றேன். ஆஸ்பத்திரியில் வைத்த கரண்ட் அன்றன்றைக்கே முடிந்துபோன விஷயம், உள்ளே வைத்ததையும் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள், அவள் உடம்பிலும் ஒன்றும் இல்லை, உங்கள் உடம்பிலும் ஒன்றும் இல்லை என்றேன். இது ஒரு கிருமியால் வருவது, கல்யாணம் ஆன முக்கால்வாசிப் பேருக்கு எப்போதாவது வந்து சொல்லாமல் போய்விடும், சிலருக்கு மட்டும் தங்கிவிடும் என்று இங்கே நர்ஸ் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

அவர் கவனமாகக் கேட்டார். "அப்ப அந்தக் கிருமியும் நா குடுத்ததுதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லித்தானே இவ்வளவும்? "இருக்கலாம், மாமா. யார்கிட்டேருந்து எப்ப வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அதுல யாரோட தப்பும் இல்ல. தப்பு என்னோடது. இதையெல்லாம் உங்ககிட்ட சொல்லச் சொல்லி ஒரு நர்சம்மா ஒன்பது வருஷம் முன்னாடியே என்கிட்ட சொன்னாங்க. நான் வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லவே இல்ல."

"நல்லாகீது!"

திரும்பினால், பின்கட்டு வாசலில் அக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை.

"நல்லாகீது உங்க நாயம்! ஒம்போது வருஷம், ஒரே வூட்ல. அருவருப்புன்னு நெனச்சி நெனச்சி தெனம் செத்துகினு இருந்தேன்யா நானு. ஒரு வார்த்த கேட்டா இன்னா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஃபாதரு இத்தினி வருஷமா தப்பான ஆளுக்கு ஜெபம் பண்ணிகினு கீறாரு. வாய் நோவு எனக்கு இல்லய்யா. உனக்கு!"

கரண்டி என் பக்கம் திரும்பியது. "உனக்குந்தான்டி."

நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவும் திறக்கவில்லை. பிறகு அக்காவே குரல் இறங்கி, "எனக்கும் இருந்துச்சி, வுடு" என்றாள். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, கீழே உட்கார்ந்து, நீல பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாமா அதைப் பிடுங்கவில்லை. நுரைக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தபடி அவள் கசக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் என்னவோ தீய்கிற வாசனை வந்தது. நான் உள்ளே போனேன்.

7

திரும்புவதற்கு முன்பு இருவரையும் செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை மாமா கதவுக்கு வெளியே நிற்கவில்லை. இவ்வளவு வருடம் தாண்டிவிட்டதால் எல்லாம் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா பச்சையாகவே சொன்னார். சுருங்கினது சுருங்கினதுதான், கொஞ்சம் இளக்க மருந்தும் பயிற்சியும் உண்டு, அவசரமே இல்லை, முடியாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. காலுக்கு இறுக்கமான உறை எழுதிக் கொடுத்தார். முட்டிக்கொண்டு வருகிற தொந்தரவுக்கும் வழி சொன்னார்.

"உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா ரொம்ப யோசித்து ஒன்றே ஒன்று கேட்டார். "நா தொட்டா அவளுக்கு ஒண்ணும் ஆவாதே?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒண்ணும் ஆகாது. தாராளமா தொடுங்க. அதுக்குச் சீட்டு எழுதித் தரணுமா?" அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷெரினுக்கு விமானத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், எந்த வாய் என்பது உட்பட. "அப்ப இவ்ளோ நாள் யாருமே பேசலையா? ஒரே வீட்லயா?" என்றாள். ஆமாம் என்றேன். "வியர்ட்" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அவள் எங்களிடமிருந்து தூரமாகப் போகிறாள் என்று புலம்புகிறவள் நான். இந்த ஒரு விஷயத்தில் போனால் போகட்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கார்டைச் சுரண்டிப் போன் செய்தேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை மாமா எடுத்தார். ஒரே இரைச்சல், ஒரு வார்த்தை கேட்டால் அடுத்த வார்த்தை கேட்கவில்லை.

"மாமா, சரியாவே கேக்கல! வராந்தாவுக்கு வாங்க!"

"இன்னாமா? ...டவர் இல்லமா... உள்ள ரூம்ல... சாப்ட்டு படுத்துகினு கீறோம்..."

கீறோம் என்றார். பின்னாலிருந்து அக்காவின் குரல், தூக்கக் கலக்கத்தில், "யாருய்யா அது? அப்பறம் பேசச் சொல்லு" என்றது. அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

கார்டில் இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது. போனை வைத்துவிட்டேன்.